31 வயது, இரண்டு வயதுக் குழந்தை, எம்எஸ்சி உளவியல்: கல்லூரிப் பேராசிரியர் ஆக இன்னும் வழி உண்டா?

கேள்வி, பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தது. சுருக்கம் இது: எம்எஸ்சி உளவியல் முடித்தவர், ஒப்பந்த அடிப்படையில் பள்ளி ஆலோசகர், வயது 31, குழந்தைக்கு இரண்டு வயது, கணவருக்குப் பொள்ளாச்சியில் வேலை. "எம்எஸ்சி வகுப்பில் முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். ஆனால் பேராசிரியர், துறைத்தலைவர், தேர்வுக்குழு என்று மேலே போகப் போக ஆண்கள்தான். எனக்கு வயதாகிவிட்டதா? பிஎச்டி செய்வதென்றால் கேரளப் பக்கமா, கோவைப் பக்கமா? இல்லை, பேசாமல் கிளினிக்கல் பக்கம் போய்விடட்டுமா?"

வயதாகவில்லை. ஆனால் நேரம் குறைவு, அதைக் கணக்குப் போட்டுத்தான் செலவழிக்க வேண்டும். உளவியலில் பெண்களை வாசலிலேயே யாரும் தடுப்பதில்லை. சேர்ந்த பிறகு மூன்று இடங்களில் உதிர்கிறார்கள்: முதுகலை முடிந்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதாமல் விடுவது, பிஎச்டியில் பாதி வழியில் நிற்பது, வேலை கிடைத்தபின் உதவிப் பேராசிரியராகவே தேங்குவது. மூன்றிலும் பெண்களுக்கென்று விதியில் சலுகை இருக்கிறது. அது தானாக வராது, எழுத்தில் கேட்டால்தான் வரும். "தன்னம்பிக்கையோடு முன்னேறுங்கள்" என்கிற பேச்சை நான் பெரிதாக நம்புவதில்லை. தேதியும் சான்றிதழும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நெட். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கிறது. முதல் தாள் 50 கேள்வி, உளவியல் தாள் 100 கேள்வி, கேள்விக்கு இரண்டு மதிப்பெண், சேர்ந்து மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியிலோ மலையாளவழியிலோ பள்ளி படித்தவர்களுக்கு இது முதல் தடை, ஆகவே ஆங்கிலக் கலைச்சொல்லிலேயே படித்துப் பழகுங்கள். பாடத்திட்டம் பத்து அலகு. எல்லோரும் ஆளுமையையும் சமூக உளவியலையும் நன்றாகப் படித்துவிட்டு, ஆய்வு முறையும் புள்ளியியலும், உளவியல் சோதனைகள், உயிரியல் அடிப்படை ஆகிய மூன்று அலகுகளில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். கடைசி அலகில் பாலினம், வறுமை, மாற்றுத்திறன், இடப்பெயர்வு எல்லாம் வருகின்றன. பள்ளி ஆலோசகராக நீங்கள் அன்றாடம் பார்ப்பவைதாம் அவை, அந்த அலகு உங்களுக்குச் சுலபம்.

ஜேஆர்எஃப் என்ற உதவித்தொகைக்குப் பொது வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு, அதாவது 35 வரை. இங்கே ஒரு தப்புக்கணக்கு பரவலாக இருக்கிறது. ஓபிசிக்கு ஐந்து, பெண்ணுக்கு ஐந்து, மொத்தம் 40 என்று கூட்டிக்கொள்கிறார்கள். அப்படிக் கூட்ட முடியாது, எந்தக் காரணம் சேர்ந்தாலும் மொத்தத் தளர்வு ஐந்து ஆண்டைத் தாண்டாது. ஆக 31 வயதில் உங்களுக்கு ஏழெட்டு முறை எழுத வாய்ப்பு இருக்கிறது. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, மொத்தம் ஐந்து ஆண்டு வரை, வீட்டு வாடகைப்படி தனி. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதுவதென்றால் உச்ச வயதே கிடையாது. 2024 ஜூன் சுற்றிலிருந்து மூன்றாவதாக ஒரு பிரிவும் வந்திருக்கிறது: பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி. ஜேஆர்எஃப் கிடைக்காத மற்ற இரு பிரிவினருக்கும் பிஎச்டி சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அந்த ஆண்டுச் சேர்க்கையை விட்டால் மறுபடி எழுத வேண்டும். அதனால் தேர்வு எழுதுவதற்கு முன்பே கைடை (ஆய்வு வழிகாட்டியை)ப் பார்த்துப் பேசி வையுங்கள்.

வீட்டுக்கு நீங்கள் ஒரே மகள் என்றால் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் உதவித்தொகையையும் பாருங்கள். உடன்பிறந்தவர் இல்லாத பெண்களுக்கானது, முழுநேர பிஎச்டிக்கு மட்டும்.

இனி எல்லைக்காரர்கள் மட்டுமே விழும் பள்ளங்கள். 'செட்' என்றால் கேரளத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தகுதித் தேர்வு. அதே 'செட்' தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு. எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர் "செட் பாஸ்" என்றால் ஒரு அர்த்தம், அந்தப் பக்கம் வேறு அர்த்தம். கல்லூரித் தகுதிக்கான மாநிலத் தேர்வும் அதை நடத்திய மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் பெற்ற செட் பாலக்காட்டுக் கல்லூரியில் உதவாது, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துத் தமிழ்ப் பெண் ஆந்திர செட் வைத்துக்கொண்டு வேலூரில் விண்ணப்பிக்க முடியாது. வாழ்க்கை எந்தப் பக்கம் அமையும் என்று உறுதியாகத் தெரியாதவர்களுக்கு நெட் மட்டுமே பாதுகாப்பு.

அடுத்தது சாதிச் சான்று. கல்யாணத்துக்குப் பிறகு பொள்ளாச்சிக்குக் குடிபோனாலும் உங்கள் சாதி நிலை தந்தை வழியிலும் பிறந்த மாநிலத்தின் வழியிலும்தான் பார்க்கப்படும். கேரளத்தில் பிறந்தவர் தமிழ்நாட்டு அரசு நியமனத்துக்கு விண்ணப்பித்தால் மாநில இடஒதுக்கீடு கிடைக்காது, பொதுப்பிரிவில்தான் எடுத்துக்கொள்வார்கள். பட்டியல் சாதியினருக்கும் இதே நிலைதான். ஆனால் நெட், மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி போன்ற மத்திய அமைப்புகளில், பிறந்த மாநிலத்துக்கான மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருந்தால் ஓபிசி செல்லும். கிரீமி லேயர் (ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) பார்க்கும்போது பெற்றோரின் நிலையைத்தான் பார்க்க வேண்டும். கணவரின் சம்பளச் சான்றைக் கொண்டு வா என்று தாலுகா அலுவலகத்தில் சொன்னால், அது விதிப்படி இல்லை என்று பணிவாகச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு குழப்பத்தால் விண்ணப்பத் தேதி தவறிய பெண்கள் உண்டு.

பட்டத்தின் பெயரும் தொல்லை தரும். கோவைப் பக்கம் 'அப்ளைடு சைக்காலஜி', 'கவுன்சலிங் சைக்காலஜி' என்று படித்தவரிடம், கேரள அறிவிப்பில் வெறும் 'சைக்காலஜி' என்று இருந்தால் இரண்டும் சமமான பட்டம் என்ற இணைத்தன்மைச் சான்று கேட்கப்படலாம். வாங்க மாதக்கணக்கில் ஆகும். நேர்காணல் கடிதம் வந்தபின் ஓடுவதில் பயனில்லை.

கேரளமா, கோவையா? கோழிக்கோடு பல்கலைக்கழகம் தேஞ்ஞிப்பாலத்தில் இருக்கிறது, கொழிஞ்சாம்பாறையிலிருந்து போய்வர ஒரு முழு நாள் போய்விடும். பாரதியார் பல்கலைக்கழகமும் கோவைக் கல்லூரிகளும் காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் தூரம். இரண்டு வயதுக் குழந்தை வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு சாதாரணம் அல்ல. 'கோர்ஸ் ஒர்க்' என்று குறைந்தது 12 கிரெடிட் முடித்தாக வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் வேலையைக் காட்டியாக வேண்டும், நடுநடுவே கைடைப் பார்த்தாக வேண்டும். தூரத்தால் நின்றுபோன ஆய்வுகள் மூளையால் நின்றுபோனவற்றைவிட அதிகம் என்றே சொல்வேன். ஆகவே என் பேச்சு: நிரந்தர வேலை கேரளத்தில் வேண்டும் என்றாலும் பிஎச்டியைக் கோவையில் செய்யலாம், பிஎச்டி பட்டத்துக்கு மாநில எல்லை கிடையாது.

ஆனால் ஊரைவிட முக்கியம் கைடு. யுஜிசியின் 2022 பிஎச்டி விதிப்படி பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. கேரள அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு ஓய்வு வயது 56. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு 60, தமிழ்நாட்டிலும் 60. அதாவது அங்கே 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்த 54 வயதுக் கைடிடம் இனிச் சேர முடியாது, தமிழ்நாட்டில் சேரலாம். நேரில் பார்க்கும்போது நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இப்போது எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்கள், கடைசி ஐந்து ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள், அவர்களில் குழந்தை உள்ள பெண்கள் எத்தனை பேர், ஓய்வு எப்போது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைவிட, அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பது பயனுள்ள தகவல். அங்கே இப்போது படிக்கும் பெண் ஆய்வாளர் ஒருவரிடம் தனியாகவும் பேசிவிடுங்கள்.

முழுநேரமா, பகுதிநேரமா என்பது ஜேஆர்எஃப் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது. கிடைத்தால் ஒப்பந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரம் சேருங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. கிடைக்காவிட்டால் பகுதிநேரம், அதற்கு வேலை கொடுப்பவரிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். "ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் திருப்பி அனுப்புவார்கள். பகுதிநேரம் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் ஒதுக்க அலுவல் இடம் தரும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்பு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தபால்வழி, ஆன்லைன் பிஎச்டி என்று விளம்பரம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள், அது செல்லாது.

கால வரம்பு குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு, ஆக மொத்தம் பத்து ஆண்டைத் தாண்டக் கூடாது. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக ஆய்வுக்காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை உண்டு. இரண்டாவது குழந்தை எண்ணம் இருந்தால் இந்த 240ஐ முதல் குழந்தையின் காய்ச்சலுக்கும் சளிக்கும் செலவழித்துவிடாதீர்கள். விடுப்பு எடுப்பதற்கு முன்பே விண்ணப்பம், துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் அலுவலக ஆணை மூன்றும் வேண்டும், ஒரு நகல் உதவித்தொகைப் பிரிவுக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகைக்கான மாதாந்திர உறுதிப்பாடு நின்று பணம் தடைபடும். கைடிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர்களின் பதிவு "வருகையில்லை" என்று ரத்தாவதுதான் வழக்கமாக நடப்பது.

அதே விதியில் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் இடம் மாறினால், ஆய்வுத் தரவுகளோடு வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நிபந்தனை: மற்ற விதிகளெல்லாம் பொருந்த வேண்டும், ஆய்வு பழைய நிறுவனமோ கைடோ நிதி வாங்கிய திட்டத்தின் பகுதியாக இருக்கக் கூடாது. கணவருக்கு இடமாற்றம் வரும் வாய்ப்பு உள்ள உங்களைப் போன்றவர்கள், கைடின் நிதித்திட்டத்துக்குள் தலைப்பை எடுப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

தலைப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெண்கள் நடுவழியில் நிற்பதற்குத் தலைப்பும் ஒரு காரணம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பக்கத்துத் துறைகளில் ஒரு பழைய அச்சு இருக்கிறது: "வேலைக்குப் போகும் பெண்கள், போகாத பெண்கள் – மன அழுத்த ஒப்பீடு", பக்கத்துக்கு 30 பேர், ஒரு டி-சோதனை (இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் கணக்கு), முடிந்தது. இதை எடுக்காதீர்கள். மிதமான அளவு வேறுபாட்டை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கவே ஒரு பக்கத்துக்கு 64 பேர் வேண்டும், சிறிய வேறுபாடென்றால் ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 400 பேர். பாலின வேறுபாடுகளோ பெரும்பாலும் சிறியவை. ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பவை) திரட்டிப் பார்த்தபோது, ஆண் பெண் வேறுபாடுகளில் 78 விழுக்காடு சிறியவையாகவோ பூஜ்யத்தை ஒட்டியவையாகவோ இருந்தன. 30 பேரை வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது, கிடைத்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல இதழ் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வந்த கட்டுரையோடு உட்கார்ந்திருக்கும்போது ஓராண்டு ஓடிவிடும்.

எல்லையில் இருப்பது உங்களுக்கு ஆய்வில் பெரிய சொத்து. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், டிவியில் இரண்டும் என்று வளரும் பிள்ளைகள் உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் நிறைய. ஓர் உளவியல் அளவுகோலைத் தமிழிலும் மலையாளத்திலும் கொண்டுவந்து, இரண்டு மொழியிலும் அது ஒரே பொருளை அளக்கிறதா என்று பார்ப்பது முழு பிஎச்டிக்குப் போதுமான, எங்கும் பிரசுரிக்கத்தக்க வேலை. ஆய்வுக்கூடம் வேண்டாம், இரவு வேலை வேண்டாம், குழந்தை தூங்கும்போதுகூடப் பாதி வேலை நடக்கும்.

வழி இது. முதலில் அளவுகோலின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி. பிறகு ஒருவரையொருவர் கலந்து பேசாத இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், இரண்டையும் இணைத்து ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்த்திராத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது, நிபுணர் குழு. அதன்பின் பத்துப் பதினைந்து பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, "இந்த வரியைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள்" என்று கேட்பது. இந்தப் படியைத்தான் அவசரத்தில் தாண்டுகிறார்கள், பிழையும் இங்கேதான் பிடிபடும். உதாரணத்துக்கு ரோசன்பெர்க் சுயமதிப்பு அளவுகோல்: பத்து வரி, அதில் ஐந்து எதிர்மறை. என்மீது எனக்கு இன்னும் அதிக மதிப்பு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன் என்ற பொருளில் வரும் எட்டாவது வரி எதிர்மறையாகக் கணக்கிடப்பட வேண்டியது. பல நாடுகளில் அந்த வரி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை, நம் பிள்ளைகளும் "ஆமாம், மதிப்பு வேண்டும்தானே" என்று நல்ல விஷயமாகவே படித்து 'முற்றிலும் சரி' போட்டுவிடுவார்கள். ஏட்டுத் தமிழில் எழுதினால் மலையாள வழியில் படிக்கும் தமிழ்க் குழந்தைக்கு எழுத்துக்கூட்டவே வராது, ஆகவே வரியை வாசித்துக் காட்டும் முறையையும் திட்டத்தில் சேருங்கள். முன்னோட்டத்துக்கு 30 முதல் 50 பேர், முதன்மை ஆய்வுக்கு மொழிக்கு 200 பேருக்குக் குறையாமல்.

பள்ளிகளில் தரவு எடுக்க கேரளத்தில் பொதுக்கல்வித் துறை அனுமதி, பிறகு தலைமையாசிரியர், பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து, குழந்தையின் சம்மதம் எல்லாம் வேண்டும். இதற்கெல்லாம் முன்பே நெறிக்குழு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், பின்தேதியிட்டு வாங்க முடியாது. காலெண்டரையும் பாருங்கள். கேரளத்தில் ஓணத்துக்கு முன் பரீட்சை, கிறிஸ்துமசுக்கு முன் பரீட்சை. தமிழ்நாட்டில் செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. பிப்ரவரி, மார்ச்சில் எந்தப் பள்ளியும் உள்ளே விடாது. இரண்டு பக்கமும் ஒருசேரத் திறந்திருப்பது ஜூலை, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர், ஜனவரி மட்டும். இந்த மூன்று சன்னலைத் தவறவிட்டால் அந்த ஆண்டு அவ்வளவுதான்.

"மேலே போகப் போக ஆண்கள்" என்று கேட்டீர்கள். இது புதிதல்ல. மேரி விட்டன் கால்கின்ஸ் ஹார்வர்டில் பிஎச்டிக்கான எல்லாவற்றையும் 1895இல் முடித்தும், பெண் என்பதால் பட்டம் தர மறுத்தார்கள். பத்தே ஆண்டில் 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். லீட்டா ஹாலிங்வொர்த் நியூயார்க்கில் கல்யாணமான பெண்களுக்கு ஆசிரியர் வேலை இல்லை என்ற விதியால் வீட்டில் உட்கார்ந்தவர், பிறகு படிக்கப் போனார். மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் திறன் குறைகிறது என்று ஆண் அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை அளந்து பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று 1914இல் ஆய்வேடாகவே கொடுத்தார்.

நியமனத்தில் பாகுபாடு பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை, இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது. 1999இல் ஸ்டைன்பிரைஸ் குழு ஒரே தன்விவரக் குறிப்பை ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் உளவியல் பேராசிரியர்களுக்கு அனுப்பியது. ஆண்களும் சரி பெண்களும் சரி, ஆண் பெயரையே அதிகம் வேலைக்குப் பரிந்துரைத்தார்கள். 2015இல் வில்லியம்சும் சீசியும் உளவியல் உட்பட நான்கு துறைகளில் கற்பனை விண்ணப்பதாரர்களை வைத்துக் கேட்டபோது, பெண்ணுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற ஆதரவு கிடைத்தது. இரண்டும் அமெரிக்கா. பாலக்காட்டு மேனேஜ்மென்ட் நேர்காணலுக்கு இதில் எது பொருந்தும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஓர் ஆய்வு கையோடு பயன்படும். மடேரா, ஹெபல், மார்ட்டின் மூவரும் 2009இல் உளவியல் ஆசிரியர் பணிக்கு வந்த உண்மையான பரிந்துரைக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பெண்களைப் பற்றி "அன்பானவர், உதவும் குணம், அனுசரித்துப் போவார்" என்ற வகைச் சொற்கள் கூடுதலாக இருந்தன. அந்தச் சொற்கள் கூடக்கூட வேலைக்கு ஏற்றவர் என்ற மதிப்பீடு குறைந்தது. நம் ஊர்க் கடிதங்களில் "அடக்கமான பெண்" என்பது அதிகபட்சப் பாராட்டு. ஆகவே கைடிடம் கடிதம் கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எத்தனை பேரிடம் தரவு எடுத்தீர்கள், எந்தப் புள்ளியியல் முறையை நீங்களே செய்தீர்கள், எந்தக் கட்டுரையில் முதல் ஆசிரியர், எத்தனை இளநிலை மாணவர்களுக்கு வழிகாட்டினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான கைடுகள் அதை அப்படியே கடிதத்தில் ஏற்றிவிடுவார்கள், அவர்களுக்கும் வேலை மிச்சம்.

கெஸ்ட் லெக்சரர் வேலை பற்றி: கையில் அனுபவம் சேரும், காசும் கொஞ்சம் வரும். ஆனால் பிற்காலப் பதவி உயர்வில் அந்த ஆண்டுகள் சேர வேண்டுமென்றால், நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத மொத்த ஊதியத்துக்குக் குறையாத சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்கிறது ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு பற்றிய யுஜிசியின் 2018 விதி. மணிக்கணக்குச் சம்பளத்துக்கு அது பொருந்தாது. அதிலேயே ஐந்தாறு ஆண்டு கரைந்துபோகிறவர்களில் பெண்கள்தான் அதிகம், "பக்கத்திலேயே இருக்கிறதே" என்பதுதான் காரணம். பிஎச்டி முடியும் வரை என்று வரம்பு வைத்துக்கொண்டு போங்கள்.

நிரந்தர வேலைக்கு வந்தபின் உளவியல் பெண்களுக்கென்றே ஒரு வலை காத்திருக்கிறது: கல்லூரியின் மாணவர் ஆலோசனை மையம். அழுதுகொண்டு வரும் மாணவி, தற்கொலை எண்ணம், விடுதிச் சண்டை, காதல் விவகாரம், எல்லாம் "மேடம் சைக்காலஜி தானே" என்று உங்கள் மேஜைக்கு வரும். கூடவே மகளிர் மன்றம், வரவேற்புக் குழு, குத்துவிளக்கு. பதவி உயர்வில் மதிப்பில்லாத வேலைகளைப் பெண்களிடமே அதிகம் கேட்கிறார்கள், பெண்களே அதிகம் ஏற்கிறார்கள் என்று பாப்காக் குழு 2017இல் சோதித்துக் காட்டியது. ஆண்கள் மட்டுமே இருந்த குழுவில் ஆண்கள் தாராளமாக முன்வந்தார்கள், ஆகவே அது குணம் சார்ந்தது அல்ல, எதிர்பார்ப்பு சார்ந்தது.

இதற்கு விதியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 2018 விதிப்படி கற்பித்தல் தவிர்த்த செயல்பாடுகளில் மூன்று இருந்தால் 'நன்று'. மூன்றுக்கு மேல் பத்து செய்தாலும் அதே 'நன்று' தான். ஆலோசனை மையத்தை ஒன்றாக எடுங்கள், ஆனால் முதல்வரின் எழுத்து ஆணையோடு, வாரத்தில் எத்தனை மணி என்று குறித்து, சுழற்சிக் காலம் போட்டு. நான்காவது பொறுப்பு வரும்போது "எதை விட்டுவிடட்டும் சார்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் பெரும்பாலும் நியாயமாகவே வரும்.

பிஎச்டியோடு வேலையில் சேர்ந்தவர் பதவி உயர்வின் முதல் படியை நான்கு ஆண்டில் தாண்டலாம், பிஎச்டியும் எம்ஃபிலும் இல்லாதவருக்கு ஆறு. இணைப் பேராசிரியராக பிஎச்டி கட்டாயம். மகப்பேறு விடுப்பு, குழந்தை வளர்ப்பு விடுப்புக் காலத்தை மதிப்பீட்டிலிருந்து விலக்க வேண்டும், அதனால் பதவி உயர்வில் பாதகம் வரக்கூடாது என்று அதே விதி சொல்கிறது. ஆனால் படிவத்தை நிரப்பும்போது நீங்களே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு விடுப்பு ஆணையை இணைக்க வேண்டும். இந்த விதிக்குப் பதிலாகப் புதிய வரைவு ஒன்றை யுஜிசி 2025 ஜனவரியில் வெளியிட்டது, ஆகவே விண்ணப்பிக்கும் சமயத்தில் எது நடப்பில் இருக்கிறது, உங்கள் மாநிலம் எதை ஏற்றிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கல் பக்கம் போகலாமா? அது வேறு பாதை. ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவுக்கான படிப்பு முழுநேரம், மருத்துவமனைப் பணியோடு சேர்ந்தது, அனுசரித்த நேர அட்டவணை கிடைக்காது. எம்ஃபில் என்ற பெயரில் சேர்க்கை 2025-26 கல்வியாண்டு வரைதான் என்று யுஜிசி அறிவித்திருந்தது, இப்போது எந்தெந்தப் படிப்பு ஏற்கப்படுகிறது என்பதை ஆர்சிஐ தளத்திலேயே பாருங்கள். நோயாளிகளோடு வேலை செய்ய உண்மையில் விருப்பம் இருந்தால் போங்கள். கல்லூரி வேலைக்கு எளிய மாற்று என்று நினைத்துப் போனால் இரண்டும் இல்லாமல் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கிறது. கைடிடம் ஐந்தாறு ஆண்டு கையெழுத்துக்குக் காத்திருக்கும் உறவில் பாலியல் அத்துமீறல் நடந்தால் பெரும்பாலான பெண்கள் படிப்பை விட்டுவிடுகிறார்கள், புகார் கொடுப்பதில்லை. புகார் கொடுத்தால் ஆய்வேடு போய்விடும் என்ற பயம். யுஜிசியின் 2015 விதியில் இதற்கு வழி இருக்கிறது: விசாரணை நடக்கும்போது, புகாருக்கு உள்ளானவர் புகார் கொடுத்தவரின் வேலையையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று கல்வி நிறுவனம் தடுக்கலாம், புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம், விசாரணை 90 நாளுக்குள். சேரும் நாளிலேயே, புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை வளாகத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அப்படி ஒரு பலகையே இல்லாத இடமென்றால், சேர்வதற்கு முன் கைடிடம் கேட்க வேண்டிய ஐந்தாவது கேள்வி அதுதான். "அத்தியாயத்தைத் திருத்த வீட்டுக்கு வாருங்கள்" என்ற அழைப்புக்கு, "துறைக்கே கொண்டு வருகிறேன் சார், மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுகிறேன்" என்ற பதில் போதும். அந்த மின்னஞ்சல் கையெழுத்துத் தாமதத்துக்கும் சான்றாக நிற்கும்.